செக்ரோல் புத்தகத்திடம் கேள்வி கேட்பது எப்படி?

நம் தோட்டப்புறப் பெரியவர்களிடம் செக்ரோல் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். காலைப் பெரட்டில் யார் நின்றார், எந்தப் பிரிவில் வேலை, எத்தனை கிலோ பால், எத்தனை குலை என எல்லாமே கிராணியாரின் அந்தத் தடித்த புத்தகத்தில் ஏறிவிடும். மாதக் கடைசியில் சம்பளம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் போடப்படும். ஒரு நாள் பேர் விழாமல் போனால் ஒரு நாள் கூலி போயிற்று.

ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மலாக்கா நகருக்கும் ஆயர் குரோவுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை, மருந்தகம், லாரி நிறுவனம், மளிகைக்கடை என வேலைகளும் மாறிவிட்டன. ஆனால் செக்ரோல் மறையவில்லை. அது கணினிக்குள் புகுந்து, தரவுத்தளம் என்ற பெயரில் வாழ்கிறது. நம் வருகை, சம்பளம், விடுப்பு, கடன், கொள்முதல் எல்லாம் இன்று ஏதோ ஒரு வணிக மென்பொருளின் தரவுத்தளத்தில்தான் பதிவாகின்றன. 2024 ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியல் முறையைக் கட்டங்கட்டமாக நடப்புக்குக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு, விற்பனைப் பதிவுகளும் அதே வழியில் போகின்றன.

புத்தகத்தில் எழுதி வைப்பது பாதி வேலைதான். வேண்டியதைச் சரியாகக் கேட்டு எடுப்பது மறுபாதி. அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, யார் கேட்கிறார், எங்கே தவறுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

அட்டவணை என்னும் எளிய கருத்து

1970 ஜூன் மாதம் எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தில் பிறந்த அவர், அப்போது அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அதுவரை கணினியில் ஒரு தகவலைத் தேடுபவர், அது எந்த இடத்தில், எந்தச் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அலமாரியில் எத்தனையாவது தட்டு, எத்தனையாவது கட்டு என்று தெரியாதவருக்குக் கோப்பு கிடைக்காது என்பது போன்ற நிலை.

காட் சொன்னது இதுதான். எல்லாத் தகவலையும் வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகப் பாருங்கள். அவை எங்கே எப்படிச் சேமிக்கப்பட்டுள்ளன என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். கேட்பவர், தனக்கு எது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழியை வடித்தார்கள். சீக்குவெல் என்று பெயரிடப்பட்ட அது, அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே வணிகக் குறியாகப் பதிந்திருந்ததால், எஸ்கியூஎல் என்று சுருங்கியது. காட் 1981-இல் டியூரிங் விருது பெற்றார். அரை நூற்றாண்டு கடந்தும் உலகின் பெரும்பாலான வணிகத் தரவுகள் அந்தக் கருத்தின் மீதே நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் 300 தொழிலாளர்கள். மாதத்துக்கு 26 வேலை நாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி என்றால், மாதத்துக்கு 7,800 வரி. ஒவ்வொரு வரியிலும் தொழிலாளி எண், தேதி, பிரிவு, வேலை, அளவு என்று ஐந்து பத்திகள். இதுதான் நம் பணிப்பதிவு அட்டவணை. பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு ஆகியவை தனியாகத் தொழிலாளர் அட்டவணையில் இருக்கும். இரண்டையும் இணைப்பது தொழிலாளி எண்.

பெயரை ஒவ்வொரு வரியிலும் ஏன் எழுதவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை உரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருப்பவர்கள் நம்மிடையே பலர். பெயரை வைத்துத் தேடினால், ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். மூன்று சுப்பிரமணியங்கள் ஒரே ஆளாகவும் ஆகிவிடலாம். எண் அப்படிக் குழம்பாது. 12 இலக்க மைகார்டு எண் ஒருவருக்கு ஒன்றுதான். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (மலாக்காவுக்கு 04), கடைசி நான்கு வேறுபடுத்தும் எண். இப்படித் தனித்து அடையாளம் காட்டும் பத்தியை முதன்மைச் சாவி என்பார்கள்.

சன்னலுக்கு அந்தப் பக்கம்

பழைய தோட்ட ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்ட முடியாது. சன்னலுக்கு வெளியே நின்று, "ஐயா, எனக்கு இந்த மாதம் எத்தனை நாள் விழுந்திருக்கு?" என்று கேட்பார். கிராணியார் உள்ளே புத்தகத்தைத் திறந்து, அவருடைய வரிகளை மட்டும் எண்ணி, ஒரே ஓர் எண்ணை வெளியே சொல்வார். புத்தகம் சன்னலைத் தாண்டி வராது.

இன்றைய ஏற்பாடும் இதுவே. நம் கைப்பேசியோ உலாவியோ சன்னலுக்கு வெளியே நிற்கும் ஆள். அதைப் பயனர் பக்கம் என்கிறோம். தரவுத்தளம் இருக்கும் பெரிய கணினி, ஆபீசின் உட்புறம். அதைச் சேவையகம் என்கிறோம். உள்ளே உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் கிராணியாரின் வேலையைச் செய்வது, சேவையகத்திலேயே ஓடும் ஒரு சிறு நிரல். இதற்குச் சேவையகப் பக்க நிரல் என்று பெயர். படிவம் 5 கணினி அறிவியல் பாடத்தில் தரவுத்தளம், எஸ்கியூஎல், வலைப்பக்க நிரலாக்கம் ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல.

உள்ளேயே ஏன் ஓட வேண்டும்? முதல் காரணம், சுமை. "செப்டம்பரில் 24 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள் யார்?" என்பது நம் கேள்வி. 7,800 வரிகளையும் கைப்பேசிக்கு அனுப்பி அங்கே எண்ணச் சொல்லலாம். வரிக்கு 200 பைட் என்றால் 15 இலட்சத்து 60 ஆயிரம் பைட் பயணப்பட வேண்டும். உள்ளேயே எண்ணி முடித்து, விடையாக 40 பெயரை மட்டும் அனுப்பினால் 8,000 பைட் போதும். ஒரு கோடு மட்டும் சிக்னல் கிடைக்கும் தோட்டத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இரண்டாம் காரணம், மறைவு. 7,800 வரிகளும் வெளியே போனால் எல்லார் கணக்கும் வெளியே போயிற்று என்று அர்த்தம். திரையில் ஒருவருடைய கணக்கு மட்டும் தெரிந்தாலும், மற்றவை அந்தக் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

தமிழ்நாட்டில் உருவான ஒரு கேள்வி மொழி

நிறுவனங்கள் எல்லாம் தாமே சேவையகம் வாங்கி, தாமே மென்பொருள் எழுதுவதில்லை. ஆயத்தமாக இருக்கும் வணிக மென்பொருள் தளத்தை மாதக் கட்டணத்துக்கு எடுத்து, தமக்கு வேண்டிய சிறு நிரல்களை மட்டும் அதன் மீது எழுதிக்கொள்கின்றன. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் அத்தகைய தளங்களில் புகழ்பெற்றது. சர்வீஸ்நவ் இன்னொன்று.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஸோஹோ. தஞ்சாவூர் வட்டாரத்தில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு, தம் சகோதரர்களோடும் டோனி தாமஸோடும் சேர்ந்து 1996-இல் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2009-இல் அதன் பெயர் ஸோஹோ கார்ப்பரேஷன் என்று மாறியது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்நிறுவனம், 2011-இல் தென்காசிக்கு அருகே குற்றாலத்தை ஒட்டிய மத்தளம்பாறை என்ற சிற்றூரில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. பட்டம் இல்லாத இளைஞர்களைப் பள்ளி முடித்ததும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியையும் அது நடத்துகிறது.

2006-இல் ஸோஹோ கிரியேட்டர் என்ற தளம் வெளிவந்தது. அதில் படிவம், பட்டியல், ஒப்புதல் முறை ஆகியவற்றைச் சுட்டெலியால் இழுத்து வைத்தே ஒரு செயலியை உருவாக்கலாம். இழுத்து வைப்பது போதாத இடத்தில் நிரல் எழுத வேண்டும். அதற்கென உருவாக்கிய மொழியின் பெயர் டெலூஜ். பெருவெள்ளம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. டெலூஜ் நிரல் நம் கணினியில் ஓடாது. ஸோஹோவின் சேவையகத்தில்தான் ஓடும்.

டெலூஜில் தரவுத்தளத்திடம் கேட்பது மிக எளிது. படிவத்தின் பெயரை எழுதி, அதை ஒட்டிச் சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனையை எழுதினால், நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகள் வந்துவிடும். பிறகு அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டிய கணக்கைச் செய்யலாம். சேல்ஸ்ஃபோர்ஸில் எஸ்ஓகியூஎல், சர்வீஸ்நவ்வில் கிளைடு ரெக்கார்டு என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரும் எழுத்து முறையும் மாறினாலும், கேள்வியின் எலும்புக்கூடு ஒன்றே.

கேள்வியின் உறுப்புகள்

நம் செப்டம்பர்க் கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு தாளில் தமிழிலேயே எழுதலாம்.

1. எங்கிருந்து? பணிப்பதிவு அட்டவணையிலிருந்தும், தொழிலாளி எண்ணால் அதனோடு இணையும் தொழிலாளர் அட்டவணையிலிருந்தும்.
2. எவற்றை மட்டும்? தேதி செப்டம்பர் 1 முதல் 30 வரை உள்ள வரிகளை.
3. எப்படித் தொகுத்து? தொழிலாளி எண் வாரியாக, ஒவ்வொருவருக்கும் எத்தனை வரி என்று எண்ணி.
4. தொகுத்ததில் எவற்றை? எண்ணிக்கை 24 அல்லது அதற்கு மேல் இருப்பவற்றை.
5. எதைத் தர வேண்டும்? தொழிலாளி எண், பெயர், நாள் எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும்.
6. எந்த வரிசையில்? எண்ணிக்கை அதிகமானவர் முதலில்.

இரண்டாவதும் நான்காவதும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாவது சல்லடை தனித்தனி வரிகளைச் சலிக்கிறது. நான்காவது, எண்ணி முடித்த தொகையைச் சலிக்கிறது. எண்ணுவதற்கு முன்னால் "24-க்கு மேல்" என்று கேட்டால் அதற்குப் பொருளே இல்லை. தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

கிடங்கு பெரிதாகும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. மாதம் 7,800 வரி என்றால் ஆண்டுக்கு 93,600. பத்தாண்டில் 9 இலட்சத்து 36 ஆயிரம். ஒருவருடைய வரியைக் கண்டுபிடிக்க முதலிலிருந்து புரட்டினால் பல இலட்சம் வரிகளைப் பார்க்க வேண்டும். எண் வரிசையில் அடுக்கி வைத்திருந்தால், நடுவில் திறந்து, வேண்டியது முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10 இலட்சத்தைத் தாண்டும். ஆகவே இருபது தடவை திறந்தால் போதும். தரவுத்தளங்கள் இதைவிடச் சிக்கனமானவை. போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்டு மெக்கிரெய்ட்டும் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட பி-மரம் என்ற முறையில், ஒரு பக்கத்தில் நூறு வழிகாட்டிகள் இருந்தால், மூன்று பக்கம் புரட்டுவதற்குள் 10 இலட்சம் பதிவுகளில் ஒன்றை எட்டிவிடலாம். நூறை மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். புத்தகத்தின் ஓரத்தில் அ, ஆ, இ என்று வெட்டி வைத்த ஏட்டுக் குறிகள் செய்யும் வேலைதான் இது. இதைச் சுட்டுவரிசை என்கிறோம். எந்தப் பத்தியை வைத்து அடிக்கடி தேடுகிறோமோ, அந்தப் பத்திக்குச் சுட்டுவரிசை இருக்கிறதா என்று பார்ப்பது நிரலாளரின் முதல் கடமை.

சத்தமில்லாமல் தவறும் இடங்கள்

நிரல் உடைந்து நின்றால் நல்லது. யாராவது கவனிப்பார்கள். உடையாமல், அழகான பட்டியலைக் கொடுத்து, அந்தப் பட்டியல் தவறாக இருப்பதுதான் ஆபத்து. விடுபட்டவர் பெயர் திரையில் தெரியாது அல்லவா? வணிகத் தளங்களில் இப்படித் தவறக்கூடிய ஐந்து இடங்கள் இவை.

முதலாவது, பக்க வரம்பு. ஒரே சேவையகத்தை ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. லயத்துப் பொதுக்குழாயை ஒரே வீடு திறந்துவிட்டுக்கொண்டிருந்தால் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் ஏது? அதனால் ஒவ்வொரு தளமும் அளவு வைத்திருக்கிறது. ஸோஹோ சிஆர்எம்மில் பதிவுகளை எடுக்கும் கட்டளை ஒரு தடவைக்கு 200 பதிவு வரைதான் தரும். நம் தோட்டத்தில் 300 பேர். முதல் பக்கத்தோடு நின்றுவிடும் நிரல், 100 பேரை விட்டுவிட்டு, "வேலை முடிந்தது" என்று சொல்லும். 150 பேரை வைத்துச் சோதித்தபோது சரியாக ஓடிய அதே நிரல்தான் இது. அடுத்த பக்கம் உண்டா, அதற்கடுத்தது உண்டா என்று இல்லை என்னும் வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது, நேர மண்டலம். பல தளங்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து வைக்கின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முந்தியது. செப்டம்பர் 1 காலை 6 மணிக்குப் பெரட்டில் பதிந்த வருகை, சேமிப்பில் ஆகஸ்டு 31 இரவு 10 மணி என்று நிற்கும். நேர மண்டலத்தைக் கருதாமல் செப்டம்பர் வரிகளைக் கேட்டால், அந்த வருகை ஆகஸ்டுக்குப் போய்விடும். சரியாக 24 நாள் வேலை செய்தவர் 23 நாளாகக் குறைந்து பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். காலை எட்டு மணிக்குப் பிறகு வேலை தொடங்கும் நகர அலுவலகத்தில் இந்தப் பிழை தலைகாட்டாது. விடியலில் வேலை தொடங்குகிறவர்களைத்தான் அது பிடிக்கும்.

மூன்றாவது, பத்தியின் பெயரில் எழுத்துப் பிழை. சர்வீஸ்நவ் தளத்தின் கிளைடு ரெக்கார்டில், இல்லாத பத்தியின் பெயரை நிபந்தனையில் எழுதிவிட்டால், இயல்பு அமைப்பில் அந்த நிபந்தனை மட்டும் கைவிடப்படும். மீதி நிபந்தனைகளுக்குப் பொருந்தும் பதிவுகள் எல்லாம் வந்துவிடும். இருந்த ஒரே நிபந்தனையும் அதுதான் என்றால், முழு அட்டவணையும் வந்துவிடும். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை. "வேலையை விட்டுப் போனவர்களின் பதிவை நீக்கு" என்ற கட்டளையில் இந்தப் பிழை நேர்ந்தால், இருப்பவர்களின் பதிவும் சேர்ந்து நீங்கும். அந்தத் தளத்தின் கையேடே இதைப் பற்றி எச்சரிக்கிறது. தவறான கேள்விக்கு ஒரு வரியும் தராதே என்று மாற்றி வைக்கும் அமைப்பும் உண்டு. எந்தத் தளமானாலும் விதி ஒன்றே: நீக்குவதற்கு முன்னால் எண்ணு. 12 பேர் என்று எதிர்பார்த்த இடத்தில் 300 என்று வந்தால் கையை எடுத்துவிடு.

நான்காவது, சுழலுக்குள் கேள்வி. 300 தொழிலாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "இவருக்கு எத்தனை நாள்?" என்று கேட்கும் நிரல் எழுதுவது சுலபம். அது கிராணியாரை 300 தடவை எழுந்து போய் அலமாரியைத் திறந்து மூடச் செய்வதற்குச் சமம். ஒரு தடவைக்கு 20 மில்லி விநாடி ஆனாலும் மொத்தம் 6 விநாடி. சேல்ஸ்ஃபோர்ஸில் அதுவரைகூடப் போகாது. ஒரு செயலுக்குள் 100 கேள்விதான் என்று வரம்பு இருப்பதால், 101-ஆவது கேள்வியில் நிரல் நின்றுவிடும். தொகுத்துக் கேட்க வேண்டியதை ஒரே தடவையில் தொகுத்துக் கேட்பதே முறை.

ஐந்தாவது, வெற்றிடம். அளவுப் பத்தியில் எதுவும் எழுதாமல் விட்டால் அது பூஜ்யம் ஆகாது. பூஜ்யம் என்றால் வந்தும் பால் எடுக்கவில்லை என்று பொருள். வெற்றிடம் என்றால் யாரும் எழுதவில்லை என்று பொருள். எஸ்கியூஎல்லில் சராசரி காணும்போது வெற்றிடங்கள் கணக்கில் சேராது. பூஜ்யங்கள் சேரும். 10, 20, வெற்றிடம் ஆகிய மூன்றின் சராசரி 15. வெற்றிடத்துக்குப் பதிலாகப் பூஜ்யம் இருந்தால் 10. இரண்டில் எது நியாயமோ அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். கணினி செய்யாது.

சாவி யார் கையில்?

கிராணியாரிடம் தொழிலாளர்களுக்கு ஓர் அச்சம் கலந்த மரியாதை இருந்தது. காரணம், புத்தகம் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். சேவையகப் பக்க நிரலும் அப்படித்தான். சேல்ஸ்ஃபோர்ஸின் ஏபெக்ஸ் மொழியும், சர்வீஸ்நவ்வின் கிளைடு ரெக்கார்டும் இயல்பாக எல்லாப் பதிவுகளையும் பார்க்கும் அதிகாரத்தோடு ஓடக்கூடியவை. கேட்பவருக்கு அந்த உரிமை உண்டா என்பதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லி நிரலாளர்தான் எழுத வேண்டும். சர்வீஸ்நவ்வில் அதற்கெனக் கிளைடு ரெக்கார்டு செக்யூர் என்ற தனி வடிவமே இருக்கிறது. ஸோஹோ கிரியேட்டரில், உள்நுழைந்திருப்பவர் யார் என்று சொல்லும் மாறி இருக்கிறது. அதை நிபந்தனையில் சேர்த்தால், அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும் தெரியும்.

"தொழிலாளி எண்ணைக் கைப்பேசியே அனுப்பட்டும், அந்த எண்ணுக்கு உரிய கணக்கை நான் தருகிறேன்" என்று நிரல் எழுதினால் என்ன ஆகும்? 117 என்ற எண்ணை யாராவது 118 என்று மாற்றி அனுப்பினால், பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளமும் வங்கிக் கணக்கும் தெரிந்துவிடும். சன்னலில் நிற்பவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பாமல், முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்வார் கிராணியார். நிரலும் அனுப்பப்பட்ட எண்ணை நம்பாமல், உள்நுழைந்த ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு கதவும் உண்டு. மலாக்காவின் உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் டி'கோஸ்டா, டி'சில்வா போன்ற பெயர்களில் நடுவே ஒற்றை மேற்கோள் குறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்கியூஎல்லில் அதே குறிதான் ஒரு சொல் தொடங்குவதையும் முடிவதையும் காட்டுகிறது. தட்டச்சு செய்த பெயரை அப்படியே கேள்வி வாக்கியத்தில் ஒட்டும் நிரல், "டி" என்பதோடு சொல் முடிந்துவிட்டது என்று எண்ணித் தடுமாறும். இது வெறும் தடுமாற்றம் என்றால் பரவாயில்லை. கெட்ட நோக்கம் உள்ளவர், பெயர் எழுதும் கட்டத்தில் அந்தக் குறியைப் போட்டு, அதற்குப் பின்னால் தன் சொந்தக் கட்டளையை எழுதிவிடலாம். 1998-லேயே பொதுவெளியில் விவரிக்கப்பட்ட இந்தத் தாக்குதலுக்கு எஸ்கியூஎல் ஊடுருவல் என்று பெயர். தீர்வும் அன்றே தெரிந்ததுதான்: கேள்வி வாக்கியத்தையும் அதில் நிரப்ப வேண்டிய மதிப்பையும் தனித்தனியாக அனுப்புங்கள். மதிப்பு எதுவானாலும் அதை வெறும் எழுத்தாகவே கணினி எடுத்துக்கொள்ளும், கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வணிக நோக்கில் பிறர் விவரங்களைக் கையாள்பவர், அவற்றைப் பாதுகாக்கவும், துல்லியமாக வைத்திருக்கவும் கடமைப்பட்டவர். தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் அச்சட்டம் நமக்கு உரிமை தருகிறது. சம்பளச் சீட்டில் நாள் குறைந்திருந்தால், "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்பது முழு விடை ஆகாது. எந்தத் தேதி வரிகள் எண்ணப்பட்டன என்று கேட்கலாம். பதிவு தவறா, கேள்வி தவறா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். பதிவு தவறு என்றால் ஒரு வரியைத் திருத்தினால் தீரும். கேள்வி தவறு என்றால் நம் ஒருவருக்கு மட்டுமல்ல, பலருக்கும் குறைந்திருக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

இதைக் கற்க விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தளம் பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதுவும் இல்லையென்றால் ஒரு பயிற்சிப் புத்தகம் போதும்.

உங்கள் வீட்டுக்கு அருகே உள்ள மளிகைக்கடையின் கடன் புத்தகத்தைப் போல ஓர் அட்டவணை வரையுங்கள். வாடிக்கையாளர் எண், தேதி, பொருள், தொகை, கட்டியாயிற்றா என்று ஐந்து பத்திகள். கற்பனையாகவே முப்பது வரி எழுதுங்கள். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரே பெயர் இருக்கட்டும். ஒருவர் பெயரை இரண்டு விதமாக எழுதுங்கள். ஒரு தொகையை வெற்றிடமாக விடுங்கள். பிறகு, "ஐம்பது வெள்ளிக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் யார்?" என்ற கேள்வியை மேலே சொன்ன ஆறு உறுப்புகளாகப் பிரித்து எழுதி, விடையைக் கையால் கண்டுபிடியுங்கள். அதே தாளை நண்பரிடம் கொடுத்து அவரையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இருவர் விடையும் வேறாக இருந்தால், வேறுபாடு எந்த உறுப்பில் வந்தது என்று தேடுங்கள். பெயரை வைத்துத் தொகுத்தீர்களா, எண்ணை வைத்தா? வெற்றிடத்தை எப்படி எண்ணினீர்கள்?

இந்தப் பயிற்சியைச் சரியாகச் செய்யும் மாணவர், டெலூஜோ எஸ்கியூஎல்லோ கற்கும்போது எழுத்து முறையை மட்டும்தான் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகமும், டுரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்துக் கணினித் துறையை எண்ணும் பிள்ளைகள், பெரிய செயலிகளை உருவாக்கும் கனவோடு, ஒரு சிறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலைப் பிழையின்றி எடுத்துத் தரும் திறமையையும் வளர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் விடுபடும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு இருக்கிறது என்பதைத் தோட்டத்திலிருந்து வந்த நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.